வாளிக்கு உள்ளே, வாளிக்கு வெளியே

ஒரு நாளைக்கு ஒன்றே கால் அங்குலம்.
முதலில் வெயில் குடிக்கிறது என்றோம்.
சித்திரை. கூத்தாநல்லூரில்
கொடியில் போட்ட துப்பட்டி
பாங்கு சொல்லி முடிப்பதற்குள் காய்ந்துவிடும் மாதம்.
யாருக்கும் வெயில்மேல்தான் சந்தேகம் வரும்.

புருனையிலிருந்து மச்சானுக்கு வேறு ஆள்மேல் சந்தேகம்.
காமிராவை நீச்சல் குளத்தின் பக்கம் திருப்பச் சொன்னார்.
மோட்டார் போடும் வீரையன்
ராத்திரியில் தன் கத்தரிச் செடிக்குத் திறந்துவிடுகிறானோ என்று
ஏழு இரவுகள் அங்கே உட்கார்ந்து பார்த்தார்.
தெரிந்தது: ஒரு பூனை, நாலு தடவை.
நான், ஒரு தடவை,
தலையில் துணியில்லாமல், படியில் காலை நனைத்துக்கொண்டு.
அதைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

பெயிண்ட் வாளியொன்றைக் கழுவினேன்.
குளத்துத் தண்ணீரையே மொண்டு
உள்ளே ஒரு கல் போட்டு, இரண்டாம் படியில் இறக்கினேன்.
வாளிக்கு உள்ளே ஒரு கோடு, வெளியே ஒரு கோடு.
வெயிலுக்கு இரண்டும் ஒன்றுதான்.
வாளி என்று இரக்கப்படாது,
குளம் என்று ஆசைப்படாது.
அசரிலிருந்து மறுநாள் அசர்வரை
பிள்ளைகளை இறங்கவிடவில்லை.

உள்ளே கால் அங்குலம்.
வெளியே ஒன்றே கால்.
வெயில் விடுதலை. வீரையனும்.
அவனிடம் போய்ச் சொல்லவா முடியும்,
உன்மேல் ஒரு வழக்கு இருந்தது என்று?
ஒரு தூக்கு பிரியாணி கொடுத்தேன்.
"என்னம்மா விசேஷம்?"
"ஒரு கணக்கு சரியாச்சு."

மோட்டார் ஓடினாலும் அதே அளவு, நின்றாலும் அதே அளவு.
அப்ப குழாயில இல்லீங்க, தொட்டியிலதான்,
என்றார் நாகப்பட்டினத்து சவரிராஜ்,
படகுகளுக்கு ஓட்டை அடைப்பவர்.
தண்ணீர் உள்ளேயிருந்து வெளியே போகும் கேஸ்
அவருக்கு இதுதான் முதல்.
மை விட்டுப் பாருங்க என்றார்.
ஆம்பளை இறங்கினால் காமிரா என்ன சொல்லுமோ,
நானே இறங்கினேன்,
சுரிதாரோடு, மகளின் கண்ணாடி போட்டு,
ஊசியில்லாத சிரிஞ்சில் அவள் பேனாவின் நீல மை.

படியோரத்து விரிசலில் ஒரு சொட்டு:
அங்கேயே நின்று யோசித்தது.
அடிவடிகால் மூடியில்: நின்றது.
மேற்குச் சுவர் விளக்கின் கீழ்த் திருகாணியில்
மை நூலாக மெலிந்து
கழுத்தை நீட்டி
யாரோ உறிஞ்சுகிற மாதிரி உள்ளே போனது.
மூச்சு முட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம்
சாகுல் மாமா மனையில்
ஒரேயொரு வாழை மட்டும் கோடை தெரியாமல் குலை தள்ளியிருந்ததை
எல்லாரும் பார்த்திருக்கிறோம்.
மண்ணு ராசி என்றுகூடச் சொல்லியிருக்கிறோம்.

அடைக்க வருகிறேன் என்று போன சவரிராஜுக்கு
மகள் கல்யாணம், மாதா கோயில் நேர்த்தி
என்று ஆனி பிறந்துவிட்டது.
நிரப்புவதை நிறுத்தியிருந்தேன்.
குளம் ஓரடி இறங்கிக் கிடந்தது.
இதற்குள் மேட்டூர் திறந்து,
வெண்ணாறு நிறைந்து,
சாகுல் மாமா மனையோரத்து வாய்க்காலில்
பிளாஸ்டிக் பாட்டில்கள் நகர ஆரம்பித்தன.

ஒரு காலை பார்த்தால் கோடு குறையவில்லை.
மறுநாளும்.
ஐந்தாம் நாள் கோடு தண்ணீருக்குள் இருந்தது.
மழையென்று ஒரு சொட்டு இல்லை.

சிரிஞ்சோடு மறுபடி இறங்கினேன்.
அதே திருகாணி.
மை என் முகத்துக்கு நேரே திரும்பி வந்தது.

"இப்ப காலி பண்ணிடாதீங்க" என்றார் சவரிராஜ் போனில்,
"ஊர் முழுக்க அடியில தண்ணி.
காலித் தொட்டி படகு மாதிரி மேல வந்துடும்.
ஆத்தை அடைக்கட்டும், மாசியில பாத்துக்கலாம்."

ராத்திரி மச்சான் கேட்டார்: "நின்னுடுச்சா?"
"நின்னுடுச்சு."
"எவ்வளவு குடுத்தே?"
"ஒரு பிரியாணி" என்றேன். சிரித்தார்,
வேடிக்கையென்று நினைத்து.

வாழைக்குலையை வெட்டி
இரண்டு சீப்பு கொடுத்தனுப்பியிருந்தார் சாகுல் மாமா.
பூவன்.
உரிப்பதற்கு முன்னால் மோந்து பார்த்தேன்,
குளோரின் வாடை வருகிறதா என்று.